"என்னடி பண்ணிவெச்சிருக்க முகத்தை?"

பதினாறு வயதில், ஒரு கல்யாண வீட்டில், அத்தை என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னடி பண்ணிவெச்சிருக்க முகத்தை?" முகத்துக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. நீ என்ன பண்ணினாய் என்றார். பலகாரம் தின்றிருப்பாய், முகம் கழுவியிருக்க மாட்டாய், ராத்திரி தூங்காமல் எதையாவது நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாய். கடைசிக் குற்றச்சாட்டை யாரும் நேராகச் சொல்வதில்லை. "எவனோ சைட் அடிக்கிறான் போல" என்ற கேலியில் அது வந்துவிடும். அண்ணனுக்கும் அப்போது முகமெல்லாம் பருதான். "வயசுக் கோளாறு" என்பதோடு அவன் மீதான விசாரணை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவனுக்குச் சொன்ன பதில்தான் மருத்துவத்துக்கு அருகில் இருந்தது. பருவ வயதில் ஆண், பெண் இருவர் உடலிலும் ஆண்ட்ரஜன் ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்க்காலில் உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் அந்த எண்ணெயோடு ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. தோலில் எப்போதும் வாழும் பாக்டீரியா அடைப்புக்குள் பெருக, இடம் வீங்கிச் சிவக்கிறது. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு. கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கல்ல. மெலனினும் எண்ணெயும் காற்றுபட்டுக் கறுத்தது. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு சிலருக்குப் பருவைக் கூட்டலாம். ஆனால் தின்ற முறுக்கின் எண்ணெய் முகத்தில் வந்து வழிவதில்லை.

காரணம் இவ்வளவு சாதாரணமாக இருக்க, நம் திரைக்கு மட்டும் பருவுள்ள கதாநாயகி ஆகாது. அதனால்தான் 2015இல் அல்போன்ஸ் புத்திரனின் 'பிரேமம்' வந்தபோது மலர் டீச்சரைக் கொண்டாடினோம். சிவந்து தடித்த கன்னங்களோடு சாய் பல்லவி சிரிக்க, கேமரா விலகாமல் கிட்டே நின்றது. தியேட்டர் இருட்டில் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் வந்த பாராட்டுகளை நினைத்துப் பாருங்கள்: "பரு இருந்தும் எவ்வளவு அழகு!" அந்த 'இருந்தும்' என்ற ஒரு சொல்லில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். படமும் மலரை ஜார்ஜின் கண்வழியாகத்தான் பார்க்கிறது. தன் முகத்தைப் பற்றி, தன் காதலைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று நமக்குத் தெரிவதற்குள் விபத்து வந்து அவள் நினைவைப் பறித்துவிடுகிறது. முகப்பொலிவு கிரீம் விளம்பரம் ஒன்றை மறுத்ததைப் பற்றி 2019இல் சாய் பல்லவி பேசியபோது கேட்ட குரல், மலருக்கு எழுதித் தரப்படாத குரல்.

விளம்பரங்கள் வேறு கதை சொல்லவில்லை. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறினாலும், கன்னத்தைக் கண்ணாடியில் சோதிக்கிற பெண் மாறவில்லை.

அந்தப் பெண்ணாக நானும் இருந்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரு மருந்துக்கடையில், சீட்டு எதுவும் இல்லாமல், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் முகம் பளிங்கு. அத்தைகூடப் பாராட்டினார். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வெடித்தது; மறுபடி தடவினேன். அதிலிருந்தது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் அதுவே பருவை உண்டாக்கும், தோலை மெலிய வைக்கும், ரத்தக் குழாய்கள் தெரிய வைக்கும். பருவுக்கான காரணப் பட்டியலில் சாக்லேட்டைச் சேர்த்த யாரும் இதைச் சேர்க்கவில்லை. 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு அறிவித்ததே 2018இல்தான். கடைகளில் அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

இருபத்தாறு வயதில், தாடை ஓரத்தில் மட்டும் பரு விடாமல் வந்துகொண்டிருந்தபோது, ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். முறுக்கு, சோப்பு, தூக்கம் என்று ஒப்புதல் வாக்குமூலத்தைத் தயாராக வைத்திருந்தேன். அந்த அம்மா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"பீரியட்ஸ் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருதும்மா?"

அறுபது, எழுபது நாள் ஆகும் என்றேன். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். பி.சி.ஓ.எஸ். பத்து வருடமாக எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.