தன் குரலுக்கே வாயசைத்த டி.எம்.எஸ்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் 'சர்வர் சுந்தரம்' (1964) பார்த்தேன். 'அவளுக்கென்ன' பாட்டில் இசையமைப்பாளர் எம்.எஸ்.வி. கையசைக்கிறார், பாடகர் டி.எம்.எஸ். மைக் முன் நின்று பாடுகிறார், ஒலிப்பதிவு நடக்கிறது. சட்டென்று காட்சி மாறினால், அதே பாட்டுக்கு நாகேஷ் ஆடுகிறார்! பதிவாகிக்கொண்டே இருக்கும் பாட்டுக்கு எப்படி ஆட முடியும்?

பாட்டை முன்பே பதிவுசெய்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு எடுப்பதுதான் வழக்கம். ஆக, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் யாருடைய குரலுக்கு வாயசைத்தார்களோ, அவரே இங்கே தன் குரலுக்கு வாயசைக்கிறார். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்துதான் பாடி வாசிப்பார்கள். ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கவனம் எம்.எஸ்.வி.யின் கைவீச்சில் அப்படியே தெரிகிறது. திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தமிழ் சினிமா செய்த மிக அழகான மரியாதை இது.