மணலில் எழுதிய ஏ, பி, சி

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் சிறு சர்வே பள்ளியாகத் தொடங்கியபோது, முதலில் சேர்ந்தவர்கள் எழும்பூர் அனாதை விடுதிப் பையன்கள்.

அந்த விடுதியில் ஆங்கில எழுத்து பழகியது மணலில்! 1789 முதல் சம்பளம் வாங்காமல் அதை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளியில் பார்த்து எடுத்துக்கொண்ட வித்தை. பலகையில் மணலைப் பரப்பி, விரலால் ஒரு வளைவு, ஒரு கோடு. தப்பானால் உள்ளங்கையால் ஒரே தடவல். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். இது சரிப்படாது என்று ஆசிரியர் கைவிரித்ததும், ஜான் ஃபிரிஸ்கன் என்ற பொடியனிடமே வகுப்பை ஒப்படைத்துவிட்டார் பெல். துணிச்சல்தான்.

1797இல் அவர் லண்டனில் புத்தகம் போட, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அதன் பெயரைத் தாங்கி, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.