சங்கராபரணமும் அதைக் கேட்ட காதுகளும்

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பா நினைவு வந்துவிடும். இசைப் போட்டிக்கு வந்த சீவகன் முன்னால் யாழ்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இது தண்ணீரில் ஊறிய மரம், இது வாள்வெட்டுப் பட்ட மரம், இது இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். பெரியப்பாவும் அப்படித்தான். பேகம் பஜாரில் பாத்திரக் கடை. தவலையைச் சுண்டிப் பார்த்தே கீறல் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார். பாட்டுக்கும் அதே காதுதான்.

கே. விசுவநாத் இயக்கிய 'சங்கராபரணம்' 1980 பிப்ரவரி 2 அன்று வெளியாயிற்று. நான் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து கடையில் சேர்ந்த புதிது. கதாநாயகன் ஒரு வயோதிகப் பாடகர், நடித்தவர் ஜே.வி. சோமயாஜுலு, துணை ஆட்சியர் வேலை பார்த்த நாடக நடிகர். சண்டை கிடையாது. பெரிய நட்சத்திரம் கிடையாது. முதல் சில நாட்கள் கொட்டகையில் ஈ ஓட்டினார்கள். பிறகு பார்த்தவர் சொல்ல, கேட்டவர் போக, டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். பெரியப்பாவோடு மூவரும் போனோம். 'சாமஜவரகமனா' முடிந்ததும் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். தியாகராஜரின் பல்லவியில் தொடங்கி, வேடூரி எழுதிய காதல் வரிகளுக்குத் தாவுகிறது அந்தப் பாட்டு. "இந்தோளம்னு சொல்லி என்னடா விக்கிறான்? பித்தளைக்குத் தங்க முலாம்!" என்று வாசலில் நின்று பொருமினார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதே படத்தில் ஒரு பாட்டு வாத்தியார் மைசூர் வாசுதேவாச்சாரியாரின் கீர்த்தனையைத் திரித்துப் பாடுகிறார். சங்கர சாஸ்திரி சீறுகிறார். சீற்றம் சரி. ஆனால் வாத்தியாரைத் திட்டும் படமே, கச்சேரி மேடையில் காணாத வாத்தியக் கூட்டத்தைப் பின்னால் வைத்துப் பழைய உருப்படிகளை மெழுகித்தானே கொடுத்தது? இசையமைத்த கே.வி. மகாதேவன் நம் நாகர்கோயில்காரர். இவரே 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களை 'நகுமோமு' வாசிக்கவிட்டார். அதைப் பெரியப்பா குறை சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே இது சினிமாமேல் உள்ள வெறுப்பு அல்ல.

கொட்டகையே அதிர்ந்தது வேறொரு இடத்தில். கிதாரும் கையுமாக வந்த இளவட்டங்கள் சாஸ்திரியைக் கேலி செய்கிறார்கள். அவர்கள் பாடியதை அவர் அப்படியே சுரப்படுத்திக் காட்டுகிறார். அவர் பாடியது அவர்களுக்கு வரவில்லை. ஒரே விசில்! எனக்கு அது படத்தின் மலிவான காட்சியாகவே படுகிறது. தோற்பதற்கென்றே கொண்டுவந்து நிறுத்திய பொடிப்பசங்களை ஜெயிப்பது ஒரு ஜெயமா? காந்தருவதத்தையிடம் தோற்றவர்கள்கூட நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. 'மானஸ சஞ்சரரே' வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, "தெலுங்கு புரியலேன்னாலும் நெஞ்சை அடைச்சுதுடா" என்றார்கள். அது தெலுங்கே இல்லை அம்மா, சமஸ்கிருதம்; கரூர் பக்கம் நெரூரில் சமாதியான சதாசிவ பிரம்மேந்திரர் பாடியது என்றேன். பக்கத்து இருக்கைத் தெலுங்கு அம்மாவுக்கும் அனேகமாக அர்த்தம் புரிந்திருக்காது, அவர்களும் அழுதார்கள். காவிரிக்கரைப் பாட்டை வேலூரில் பிறந்த வாணி ஜெயராமும், முறையாகக் கர்நாடக இசை பயிலாத பாலசுப்பிரமணியமும் பாடி, என் அம்மாவுக்கு அது ஐதராபாத்தில் வந்து சேர்ந்தது. சபா டிக்கெட் வாங்கி உட்கார்ந்து இதைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு எங்கே இருந்தது? பெரியப்பாவின் தராசில் இந்த எடைக்குக் கல் இல்லை.

படத்துக்குத் தேசிய விருதுகள் நான்கு. அதில் மகாதேவனுக்கும் பாடிய இருவருக்கும் ஒவ்வொன்று. பெரியப்பா பேப்பரைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கல்லாவைத் திறந்தார்.

விசுவநாத் இதே ஊரில் 2023 பிப்ரவரி 2 அன்று, படம் வெளியான அதே தேதியில் காலமானார். இரண்டே நாளில் வாணி ஜெயராமும் போய்விட்டார். அந்த வாரம் வீட்டில் டிவியை அணைக்கவே இல்லை. பேத்தி பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். 'மானஸ சஞ்சரரே'யை முதலில் படத்தைக் கேட்டுத்தான் பாடினாள், பாட்டு டீச்சர், "சாமா ராகத்துல இப்படியா சங்கதி போடுவாங்க?" என்று கடிந்து, மறக்கச் சொல்லி, முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். டிவியில் அந்தப் பாட்டு வந்ததும் இவள் டீச்சர் பாடத்தைக் கூடவே பாட ஆரம்பித்தாள். ரெண்டும் ஒட்டவில்லை. என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "நீ கொஞ்சம் சும்மா இரும்மா, அந்த அம்மா பாடட்டும்" என்றாள். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.