கொடை வீட்டில் சுடுதரை: கணக்கு எங்கே உதைக்கிறது?

தரையைச் சூடாக்கக் காசு செலவழிக்கலாம் என்று பெரியகுளத்தில் சொன்னால் சிரிப்பார்கள். சித்திரை மதியத்தில் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாத ஊர். ஆனால் கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஏறினால் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். மார்கழி, தை விடியலில் அங்கே பள்ளமான இடங்களில் புல்மேல் உறைபனி கிடக்கும். மோட்டார் ரோடு வருமுன் கொடைக்குப் போன வெள்ளைக்காரர்கள் பெரியகுளத்துப் பக்கமிருந்துதான் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். அவர்கள் விட்டுப்போன பங்களாக்களில் கணப்பு உண்டு. முகம் காயும், கால் மட்டும் சில்லிட்டே இருக்கும்.

மேலே பழைய வீடு வைத்திருப்பவர் அதைப் புதுப்பிக்க இறங்கும்போது, டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி விரிக்கும் யோசனையை யாராவது எடுத்துப் போடுவார்கள். உடனே தொடங்குவது சதுர அடிக்கு என்ன விலை என்ற ஒப்பீடு. அங்கேயே கணக்கு தடம் மாறிவிடுகிறது என்பது என் எண்ணம்.

காரணம், இந்தக் கம்பி போடுவதற்கு மலிவு, ஓட்டுவதற்கு விலை. குழாயில் வெந்நீர் ஓடும் முறை இதற்கு நேரெதிர். அதற்கு கான்கிரீட் தளத்தைக் கனமாகப் போட வேண்டும், கொதிகலனோ ஹீட் பம்போ வேண்டும். பழைய வீட்டில் தளம் அவ்வளவு உயர்ந்தால் வாசல் நிலைகள் தலையில் இடிக்கும். மின்கம்பிப் பாய் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம்தான். பசையும் டைல்ஸும் சேர்த்தாலும் கதவின் அடியைக் கொஞ்சம் இழைத்தால் போதும். புதுப்பிக்கும் வேலைக்கு இது பெரிய வசதி. ஆனால் விலைப்பட்டியலில் வராத ஒன்று, கம்பிக்குக் கீழே போட வேண்டிய வெப்பத்தடுப்புப் பலகை. அதை மிச்சம் பிடித்தால் ஈரமான மலை மண்ணுக்குத்தான் கரண்ட் பில் கட்டுவோம்.

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கட்டில், பீரோ நிற்கும் இடம் போக ஒன்பது சதுர மீட்டரில் கம்பி. சதுர மீட்டருக்கு 150 வாட் என்றால் மொத்தம் 1,350 வாட். இரவு பத்து மணி நேரத்தில் தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்து வைத்தாலும் ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 400 யூனிட். ஏற்கெனவே 350 யூனிட் ஓடும் வீடு 750க்குப் போகிறது. நம் மின்வாரியக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே ஏறியதற்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 2024 ஜூலைக்குப் பிந்தைய விகிதப்படி, ஆயிரம் ரூபாய்க்குள் வந்த பில் நாலாயிரத்தைத் தாண்டும். ஓர் அறைக்கு!

அதே சூட்டை ஹாட் அண்ட் கோல்ட் ஏசி சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தரும். உடம்பு மட்டும் சூடானால் போதும் என்பவருக்கு மின்கம்பளி ஓர் இரவுக்கு ஒரு யூனிட்டைக்கூடத் தொடாது. வாரக் கடைசியில் மட்டும் மேலே போகிறவருக்கு இன்னொரு சங்கடம். குளிர்ந்து கிடக்கும் தரை சூடேற நேரம் எடுக்கும். இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டால், அறை இதமாவதற்குள் கம்பளிக்குள் போய்விடுவோம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால், வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. மின்னழுத்தம் 230இலிருந்து 180க்கு இறங்கினாலே கம்பி தரும் சூடு கிட்டத்தட்ட அறுபது சதவீதமாகச் சுருங்கும்.

இத்தனை சொல்லியும் சுடுதரையை ஒரேயடியாகத் தள்ள மனம் வரவில்லை. ஃபேன் ஹீட்டர்போல இரைச்சல் இல்லை, முகத்தில் காற்றடித்துத் தொண்டையை உலர்த்துவதில்லை. புகையும் இல்லை, இது சின்ன விஷயமல்ல. குளிருக்கு மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் 2024இல்கூடக் கொடைக்கானலில் இறந்திருக்கிறார்கள். கொரியாவின் ஓண்டோலும் காஷ்மீரின் ஹமாமும் தரைக்கு அடியில் நெருப்பை ஓட்டி, புகையைத் தனி வழியில் வெளியேற்றின. அங்கே குளிர்காலம் மாதக்கணக்கில் விடாமல் நீடிக்கும். சூடேறிய கல்லுக்கு ஆற நேரமில்லை. கொடையில் பகல் வெயில் சுள்ளென்று அடித்து, மாலையில் சட்டென்று குளிர் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குச் சோம்பேறித் தரை ஈடுகொடுக்காது.

ஆகவே கூடத்துக்கும் படுக்கையறைக்கும் வேண்டாம், குளியலறைக்குப் போடலாம். அங்கேதான் வெறுங்கால், அங்கேதான் ஈரம், அங்கேதான் வயதானவர்கள் வழுக்கி விழுவது. இருபது சதுர அடிக்கு 280 வாட் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு முப்பத்து சொச்சம் யூனிட். எர்த் சரியாக இருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். டைல்ஸ் ஒட்டுமுன் ஒருமுறை, ஒட்டியபின் ஒருமுறை எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துக் கம்பியின் ஓம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கொத்தனாரின் கரண்டி பட்டுக் கம்பி அறுந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பின்னால் பழுதானாலும் உடைக்க வேண்டியது இருபது சதுர அடிதான்.