கடலூரிலும் கொழும்பிலும் ஃபோர்க்லிஃப்ட் தேர்வு

முன்னால் நீண்ட இரண்டு இரும்புப் பற்களால், சரக்கு அடுக்கிய பேலட் பலகையைத் தூக்கி, பின்புற எடைக்கட்டையின் பலத்தில் சாயாமல் நிற்பது ஃபோர்க்லிஃப்ட். டீசல், எல்.பி.ஜி., மின்கலம் ஆகியவற்றில் ஒன்றால் இது ஓடும். குறுகிய சந்தில் உயரமாக அடுக்க ரீச் டிரக், ஓரளவு உயரத்துக்கு ஸ்டாக்கர், தரையோடு நகர்த்த ஹேண்ட் பேலட் என்று தனி வகைகளும் உண்டு.

வண்டியின் தகட்டில் 3 டன் என்றிருந்தால், பளுவின் மையம் பற்களின் அடியிலிருந்து 500 மி.மீ. தூரத்தில் இருக்கும் வரைதான் அந்த அளவு செல்லும். பளு அகலமாகி மையம் 600 மி.மீ.க்குப் போனால் தூக்கும் திறன் சுமார் 2.7 டன்னாகக் குறையும். உயரம் கூடினால் இன்னும் குறையும். தேர்வு இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொழும்பைப் பார்த்துத் திரும்புவோர், கடலூர்ப் பக்கம் இன்னும் தலைச்சுமைதான் என்று இளக்காரமாகச் சொல்வதுண்டு. அது நியாயமல்ல. கொழும்பின் புறக்கோட்டையிலும் தள்ளுவண்டி இழுக்கும் சுமையாட்கள் இருக்கிறார்கள். கடலூரில் லோடுமேன் எனப்படுபவர் அங்கே நாட்டாமி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் நாட்டாமை என்றாலோ பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர். குடோன் கொழும்பில் களஞ்சியசாலை, கன்டெய்னர் கொள்கலன்.

கடலூர் மாவட்டத்தில் தேர்வு உண்மையிலேயே கடினம். சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி நீளும் சிப்காட் தொழிற்பேட்டை ரசாயன ஆலைகளுக்குப் பேர் போனது. எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களின் ஆவி சேரும் இடத்தில் சாதாரண டீசல் வண்டியின் சூடான புகைக்குழாயே ஆபத்து. சாதாரண மின்வண்டியும் பொறி கக்கும். அங்கே வேண்டியது தீப்பொறி வெளியேறாதபடி அடைத்துக் கட்டிய ஃபிளேம்புரூஃப் வண்டி. விலை மிகவும் கூடுதல் என்றாலும் இதில் சமரசம் கூடாது. ஈய அமில மின்கலம் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால், சார்ஜ் அறை காற்றோட்டத்தோடு தனியே இருக்க வேண்டும். இத்தனையோடு உப்புக் காற்று வேறு. பற்களை ஏற்றியிறக்கும் மாஸ்ட் தூணின் சங்கிலியும் மின் இணைப்புகளும் உள்நாட்டு ஊர்களைவிட இங்கே விரைவில் துருப்பிடிக்கும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம், கிள்ளைப் பகுதியின் நிலைமை வேறு. இறால் குட்டையின் சேற்றுக்கரை எந்த ஃபோர்க்லிஃப்டையும் தாங்காது. அறுவடையை மனிதக் கைகளே கரையேற்றுகின்றன. இதைப் பின்தங்கிய வேலை என்பது அந்த மண்ணை அறியாத பேச்சு. இறால் குளிர்பதனக் கிடங்கை அடைந்த பிறகே வண்டிக்கு வேலை. மைனஸ் 18 டிகிரிக் குளிரில் மின்கலத்தின் திறன் குறையும் என்பதால் குளிர்தாங்கும் மின்வண்டி தேவை. உணவு இருக்கும் மூடிய அறைக்குள் டீசலுக்கு இடமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் திறந்த முற்றத்துக்குக் காற்றடைத்த டயர் பொருந்தும், சமதளக் கான்கிரீட்டுக்குக் கெட்டி ரப்பர் டயர் போதும்.

கொழும்பின் பலம் துறைமுகம். கப்பல் மாற்றிச் செல்லும் கொள்கலன்கள் அங்கே பெருமளவு குவிவதால், அவற்றை முழுதாகத் தூக்கும் ராட்சத வண்டிகளும் உண்டு. கடலூருக்குக் கன்டெய்னர் துறைமுகம் இல்லாததால் அந்த வகை இங்கே தேவைப்படவில்லை. 1883 முதல் ஏலம் நடக்கும் தேயிலையிலும் கொழும்புக்குத் தேர்ச்சி உண்டு. தேயிலை எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதன் களஞ்சியங்களுக்கு மின்வண்டியே உகந்தது. ஆனால் இலங்கைச் சந்தையில் ஜப்பானில் ஓடிப் புதுப்பிக்கப்பட்ட வண்டிகள் நிறைய. வந்த வண்டிக்கு வேலையைப் பொருத்திக்கொள்ளும் நிலை அப்போது நேரலாம். இந்தியா ஃபோர்க்லிஃப்டைத் தானே செய்கிறது. மாஸ்ட் உயரம், டயர், பல்லின் நீளம் எல்லாவற்றையும் வேலைக்கேற்பக் கேட்டு வாங்க முடிவது கடலூர் ஆலைக்குப் பெரிய வசதி.

கன்டெய்னருக்குள் நுழைந்து அடுக்கும் வேலை இரு கரைக்கும் பொது. சாதாரணக் கன்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர். மாஸ்ட் மேலே நீளாமல் பல் மட்டும் உயரும் வகைதான் அதற்குச் சரி. வாங்கும் முன் உதிரிபாகம் எங்கே கிடைக்கும், மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேட்டுக்கொள்வதும் இரு கரைக்கும் பொது.