மாமன் இல்லாத தாலாட்டு

“பெத்தவ பெருசா, வளத்தவ பெருசா?” தமிழ் சினிமாவும் டிவி சீரியல்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டன. கடைசிக் காட்சியில் இரண்டு அம்மாக்கள், நடுவில் ஒரு பிள்ளை, அது யாரிடம் ஓடும் என்று பதறுகிற பின்னணி இசை. பார்க்க இலக்கியக் கேள்வி மாதிரி இருக்கும். உண்மையில் அது கோர்ட் கேள்வி. பிள்ளை யாருக்குச் சொந்தம் என்பதுதான் அங்கே வழக்கு. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பால் கலக்கியது யார் என்பது வழக்கில் வராது.

பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ (1994) பெண் சிசுக்கொலை பற்றி வந்த படங்களில் முக்கியமானது. சாக வேண்டிய பெண் குழந்தையை ஓர் ஆசிரியர் எடுத்துப் போய் வளர்க்கிறார். அவள் டாக்டராகத் திரும்பி வந்து பெற்ற தகப்பனுக்கே வைத்தியம் பார்க்கிறாள். படத்தின் நியாயம் முழுக்க அந்த முரணில் இருக்கிறது. ஆனால் குழந்தை வளர்ந்த வருஷங்கள் படத்துக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகின்றன. வளர்த்தவர் கதையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சேர்க்கும் பரிசல், அவ்வளவுதான். மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) வளர்ப்புத் தாய்க்கு நிறைய இடம் கொடுக்கிறது. ஆனாலும் அது நகர்வது பெற்றவளைத் தேடிப் போகும் பயணத்தால்தான்.

இதே கேள்வியைப் பொம்மிடியிலிருந்து கேட்டால் வேறு மாதிரி கேட்கும். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயில் பாதையில், சேர்வராயன் மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் ஊர். தர்மபுரி மாவட்டத்தின் இந்தப் பக்கத்து ஜனங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள். கைப்பிள்ளையை ஊரில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவது இங்கே செய்தியே கிடையாது. ஆயா என்றால் பாட்டி. “நான் ஆயாகிட்ட வளந்தவ” என்று சொல்பவளிடம் யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. பிள்ளை தன்னுடையதில்லை, ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்தே வளர்ப்பவள் அவள்.

இன்னொரு ஆயாவும் இந்த மாவட்டத்தில் இருக்கிறாள். பெண் குழந்தைகளைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, ஜெயலலிதா அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் அது தர்மபுரிக்கும் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி, ஆறு வயது வரையிலான குழந்தைகளில் மாநிலம் முழுக்க 1000 ஆணுக்கு 943 பெண், தர்மபுரியில் 913. தொட்டிலில் வந்து விழுந்த குழந்தை தத்துப் போகிற வரைக்கும் அதைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூங்க வைக்கும் பெண்ணுக்கும் ஆயா என்றுதான் பேர். பாட்டிக்கு உறவுப் பெயர், இவளுக்குப் பதவிப் பெயர். வேலை ஒன்றுதான்.

இந்த வேலையைத் தமிழில் எழுதியது யார்? எனக்கு இதில் முதலில் நிற்பவர் ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஓர் ஆண்.

2

பெரியாழ்வார் திருமொழியைப் பக்தி நூலாகப் படிக்கிறோம், பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று பாடத்தில் படிக்கிறோம். ‘தாய்மை’ என்ற சொல்லைப் போட்டு அதை மூடிவிடுவது வழக்கம். ஆனால் அதில் பேசுபவள் யசோதை. பிள்ளையைப் பெற்றவள் தேவகி. அதாவது, தமிழில் கிடைக்கும் தாலாட்டுப் பதிகங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று வளர்த்தவளின் வாயிலிருந்து வருகிறது. அதைப் பாடியவரும், மரபு சொல்கிறபடி, ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கிடந்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர். அந்தக் குழந்தை ஆண்டாள்.

கதைப்படி யசோதைக்குக் குழந்தை மாற்றப்பட்ட விஷயம் தெரியாது. அவளுக்கு அது தான் பெற்ற பிள்ளை. பாடுகிற பெரியாழ்வாருக்குத் தெரியும், கேட்கிற நமக்கும் தெரியும். பதிகங்களின் அடியில் ஓடும் பதற்றம் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பிள்ளையைப் பால் குடிக்க எழுப்புவது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கெஞ்சுவது. காது குத்தக் கூப்பிடுவது. தலைவார காக்கையைத் துணைக்கு அழைப்பது. பூச்சூட்டுவது. சாயங்காலம் திருஷ்டி படாமல் காப்பிடுவது. ஒரு நாளின் வேலை அட்டவணை இது. ஒரு பாட்டில் தாய் அலுத்துப்போய்ச் சொல்கிறாள்: தொட்டிலில் போட்டால் கிழிகிற மாதிரி உதைக்கிறான், இடுப்பில் தூக்கினால் இடுப்பு ஒடிகிறது, இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், எனக்குத் தெம்பில்லை, மெலிந்துபோனேன். பிள்ளை வளர்த்த எந்த உடம்புக்கும் இது புரியும். கடவுளைப் பற்றிய பாட்டில் இடுப்பு வலி வருகிறது. யார் பெற்றது என்ற கேள்விக்கு அந்த இடுப்பில் இடமில்லை.

இப்போது தாலாட்டுக்கு வருவோம். நம் நாட்டுப்புறத் தாலாட்டு அடிப்படையில் உறவுப் பட்டியல். யார் அடித்தார்கள், அத்தையா, பாட்டியா என்று கேட்கும். மாமன் என்னென்ன சீர் கொண்டுவருவான் என்று அடுக்கும். பிள்ளைக்கு “நீ இன்னாரோட ஆள்” என்று தூக்கத்தோடு சேர்த்து ஊட்டுகிற பாட்டு அது. தாய்மாமன் அதில் நடுநாயகம்.

கண்ணனுக்குத் தாய்மாமன் யார்? கம்சன்.

பெரியாழ்வாரின் தாலாட்டில் சீர் கொண்டுவருவது தெய்வங்கள் என்பதை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மாணிக்கமும் வயிரமும் பதித்த பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். சிவனும் இந்திரனும் வருணனும் குபேரனும் ஆளுக்கொரு நகையாக அனுப்புகிறார்கள். வழக்கமான உரை இதை இறைவனின் பெருமை என்று சொல்லும். அது சரிதான். ஆனால் தாலாட்டு என்கிற வடிவத்தின் கண்ணிலிருந்து பார்த்தால், கொல்லக் காத்திருக்கும் மாமனின் காலியிடத்தை ஒரு தேவலோகமே வந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. உறவு கொடுக்காத தொட்டிலைப் பிரமன் கொடுக்கிறான். தர்மபுரியில் அதை அரசாங்கம் கொடுத்தது.

3

அதே ராத்திரியில் இன்னொரு குழந்தையும் இருந்தது. நாம் கண்ணன் கதை சொல்லும்போது வேகமாகத் தாண்டிப்போகிற இடம். யசோதைக்குப் பிறந்தது பெண். அவளைத் தூக்கிக்கொண்டு போய் தேவகியிடம் வைத்தார்கள். கம்சன் அவள் காலைப் பிடித்துக் கல்லில் அறைய ஓங்கினான். அவள் கை நழுவி வானத்தில் எழுந்து தேவியானாள் என்கிறது புராணம். ஓர் ஆண் பிள்ளை பிழைக்க ஒரு பெண் பிள்ளை கல்லுக்கு அனுப்பப்பட்டாள். தேவியானாள் என்பது பின்னால் போட்ட மாலை. தர்மபுரியிலிருந்து படிக்கிறவருக்கு அந்தக் கல்லைத் தாண்டிப்போவது கஷ்டம்.

பெரியாழ்வாரின் தாலாட்டில் சீர் கொண்டுவருபவர்களின் வரிசையில் கலைமானை ஊர்தியாகக் கொண்ட ஒரு தெய்வமும் இருக்கிறாள். உரைகள் அவளைத் துர்க்கை என்கின்றன. அவள் கொண்டுவருவது வாசனைப் பொடியும் மஞ்சளும் கண்மையும் சிந்தூரமும். கல்லில் அறையப்பட்ட அந்தப் பெண் குழந்தையையும் மரபு துர்க்கை என்றுதான் சொல்லும். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், எந்தப் பிள்ளைக்காகத் தன்னைக் கொடுத்தார்களோ அந்தப் பிள்ளைக்கு மஞ்சளும் மையும் எடுத்துக்கொண்டு அவள் வந்து நிற்கிறாள். ஆழ்வார் இப்படி நினைத்து எழுதினாரா என்று நிரூபிக்க முடியாது. பாட்டில் அவள் நிற்கிறாள் என்பது நிச்சயம். பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்த ஒருவரின் பாட்டில் நிற்கிறாள் என்பதும்தான்.

பெற்றவளுக்கும் ஆழ்வார்களிடம் ஒரு பாட்டு உண்டு. குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழி முழுக்க தேவகியின் புலம்பல். அவள் யசோதையோடு சண்டைக்குப் போவதில்லை. தான் பார்க்காமல் போனவற்றை எண்ணுகிறாள்: தாலாட்டவில்லை, பால் கொடுக்கவில்லை, மழலை கேட்கவில்லை, வெண்ணெய் திருடி மாட்டிக்கொண்டு அழுத முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் யசோதை பெற்றாள் என்று ஏங்குகிறாள். அவள் இழந்தது நாட்கள். பெரியாழ்வாரின் பதிகங்களில் இருக்கும் அதே நாட்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றின் வரவு இன்னொன்றின் செலவாக இருக்கும். நம்மூரில் தொட்டிலில் குழந்தையைப் போட்டவளை “கல்நெஞ்சக்காரி” என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். குலசேகரர் அவளுக்கு ஒரு முழுத் திருமொழி கொடுக்கிறார்.

4

வளர்த்தவளுக்கு ஒரு முடிவு வேண்டுமே? பிள்ளை போகும் நாள் வரும் இல்லையா?

சங்க அகப்பாடல்களில் அந்த நாளைச் சுமப்பவள் செவிலி. நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள் என்று இலக்கணமே பிரித்து வைத்திருக்கிறது. நற்றிணை 110இல் தேன் கலந்த பாலை வைத்துக்கொண்டு சிறுமியின் பின்னால் ஓடி ஓடித் தளர்கிறவர்கள் நரைத்த செவிலியர். உடன்போக்கில் மகள் போய்விட்டால் பாலை நிலத்தில் தேடிப் போகிறவளும் செவிலிதான். கலித்தொகை ஒன்பதாம் பாட்டில் அவள் எதிரே வரும் அந்தணர்களிடம் என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். அவர்கள் சொல்லும் பதில் பிரபலம்: சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு ஆகாது, முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்கு ஆகாது, இசை யாழில் பிறந்தாலும் யாழுக்கு ஆகாது, உன் மகளும் அப்படித்தான்.

இந்தப் பாட்டை மேடைகளில் உடன்போக்கின் நியாயமாகச் சொல்வார்கள். ஒரு விஷயம் கண்ணில் படுவதில்லை. மூன்று உவமைகளுமே பிறந்த இடத்தைப் பற்றியவை. கேட்டுக்கொண்டு நிற்பவளோ பெற்றவள் இல்லை. அந்தணர்கள் விசாரிக்காமலேயே செவிலியை மலையாக, கடலாக, யாழாக ஆக்கிவிடுகிறார்கள். பெற்றவளுக்கு உரிய ஆறுதலை அவளுக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை உனக்கு இல்லை என்று சொல்லும் அதே வாயால், உன்னிடமிருந்துதான் அவள் வந்தாள் என்றும் சொல்லிவிடுகிறார்கள். தேடி அலைந்து நிற்கும் அந்தப் பொழுதில், வளர்ப்பு பிறப்புக்குச் சமமாகிவிடுகிறது.

இது பழைய பாட்டு என்று வைத்துவிட முடியாது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற இரண்டு மாதம் அவகாசம். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குள் இருந்தால், பெற்றோரைத் தேடிப் பார்த்து, இரண்டு மாதத்துக்குள் தத்துக்கு உரியதாக அறிவிக்க வேண்டும். அதே சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பும் இருக்கிறது: குழந்தையின் மேல் உரிமை கிடையாது, கொஞ்ச காலம் குடும்பமாக வைத்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை. 2024இல் திருத்திய வழிகாட்டு நெறிகள் கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இதைத் திறந்துவிட்டன. ஆனால் இது முதன்மையாக ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு. கைக்குழந்தைக்குத் தத்துதான் வழி. அதனால் அந்த இரண்டு மாதமும், பலசமயம் அதற்கு மேலும், குழந்தை இருப்பது ஆயாவின் கையில்.

தமிழில் இதற்குப் பேர் வைப்பதிலேயே சிக்கல் இருக்கிறது. தத்து எடுத்தவரும் ‘வளர்ப்பு அம்மா’, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறவரும் ‘வளர்ப்பு அம்மா’. சொந்தமாக்கிக்கொள்ளாமல் வளர்ப்பது என்ற ஒன்று இருப்பதையே பேச்சுமொழி ஏற்றுக்கொள்வதில்லை. “நாளைக்குக் குடுத்துடணும்னா எதுக்கு வளக்கணும்?” என்பதுதான் முதல் கேள்வி. செவிலி என்ற சொல் இந்த இடத்துக்குப் பொருத்தமானது. அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டோம்.

இரண்டாவது கேள்வி இன்னும் மெதுவாக வரும்: “என்ன சாதியோ?” இதைக் கேட்டவர்களையும் நம் காப்பியம் பார்த்திருக்கிறது. மணிமேகலையின் ஆபுத்திரன் தோட்டத்தில் போடப்பட்ட குழந்தை. ஏழு நாள் ஒரு பசு பாலூட்டியது. இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்த்து வேதம் சொல்லிக்கொடுத்தான். வேள்விப் பசுவைப் பையன் காப்பாற்றப் போக, அவன் பிறப்பு ரகசியம் வெளியே வருகிறது. பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்த முனிவர்களைப் பட்டியல் போட்டு அவன் வாதாடுகிறான். வாதத்தில் அவன் பக்கம்தான் நியாயம். ஆனாலும் வளர்த்த இளம்பூதியே அவனைத் துரத்திவிடுகிறான். வேதம் சொல்லிக்கொடுத்த அத்தனை வருஷமும் ஒரு கேள்வியில் போய்விட்டது. பின்னால் அமுதசுரபி அவன் கைக்கு வருகிறது. ஏழு நாள் பால் கொடுத்த பசு கேட்காத கேள்வியை மனுஷன் கேட்டான் என்பதைச் சாத்தனார் அழுத்திச் சொல்வதில்லை. கதையை அடுக்கிய விதத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

நவீன நாவல்களில் இந்த வேலைக்கு மிக அருகில் வந்ததாக நான் நினைப்பது பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016). அங்கே பிள்ளை ஒரு வெள்ளாட்டுக் குட்டி. யாரோ கொடுத்துவிட்டுப் போன, பிழைக்குமா என்று தெரியாத குட்டிக்குப் பாலூட்டப் படாத பாடு படும் கிழவி, அதற்குக் காது குத்திக் கணக்கு எழுதும் அரசாங்கம், பஞ்சம், பணத்தேவை. கிழவி தெய்வத்தாய் கிடையாது. பாசமும் வைக்கிறாள், குட்டிகளை விற்கவும் செய்கிறாள். அந்த நேர்மை மனிதக் குழந்தையைப் பற்றிய நம் கதைகளுக்கு இன்னும் வரவில்லை. வளர்ப்பவர் என்றால் தியாகி, இல்லாவிட்டால் கொடுமைக்காரி. சம்பளம் வாங்கிக்கொண்டு, அலுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் மேல் உயிரையும் வைத்திருக்கிற ஒரு ஆயாவை எழுத இந்த இரண்டு அச்சும் உதவாது.

இங்கிலாந்தில் கைக்குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிப்போய் மாதக்கணக்கில் வளர்த்து, தத்தெடுக்கிறவரிடம் ஒப்படைக்கும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளையோடு ஒரு நினைவுப் புத்தகமும் கொடுத்தனுப்புவார்கள்: முதல் சிரிப்பு, முதல் பல், எந்தப் பாட்டுக்குத் தூங்கும், எந்தத் துணியைப் பிடித்துக்கொள்ளும். இங்கே தத்துக் கோப்பில் குழந்தை ஆய்வு அறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் போகும். தேவையானவைதான். ஆனால் அந்தத் தாள்களில் தொட்டில் கிழிய உதைத்த காலும், ஒடிந்த இடுப்பும் வராது. ஆயாவுக்கு மட்டும் தெரிந்த அந்த நாட்கள் அவளோடு நின்றுவிடுகின்றன. பெற்றவளுக்கும் அவை கிடையாது, எடுத்துப் போகிறவளுக்கும் கிடையாது, வளர்ந்த பிறகு பிள்ளைக்கும் கிடையாது.

பெரியாழ்வார் திருமொழியை அப்படிப்பட்ட ஒரு புத்தகமாகப் படிக்க முடியும். தேவகி பார்க்காத நாட்களை, பார்த்தவளின் வாயால், ஒன்று விடாமல் எழுதி வைத்த கணக்கு. அது தாய்மையின் மகிமை என்று சொல்லி வகுப்பறையில் ஒதுக்கிவிட்டோம். தர்மபுரி ஆயாவிடம் போய் உட்கார்ந்து அவள் சொல்வதை எழுதப்போகிற எழுத்தாளருக்கு முன்னோடி இல்லையென்று கவலை வேண்டாம். அவருடைய தாலாட்டில் மாமனின் பேர் இருக்காது. குளிப்பாட்டுவதற்கும் பாலுக்கும் காது குத்துவதற்கும் திருஷ்டிக்கும் ஆளுக்கொரு பதிகம் இருந்தால் போதும்.