பொற்சங்கிலியும் மனிதக் கழுத்தும்

புனித தாமஸ் மோர் இலத்தீன் மொழியில் எழுதிய 'உட்டோபியா' 1516ஆம் ஆண்டு லூவேன் நகரில் அச்சேறியது. கற்பனைத் தீவு ஒன்றின் வாழ்வைக் கூறும் இந்நூலில், பொன்னைப் பற்றிய பகுதியே பலர் நெஞ்சில் நிற்பது. அத்தீவினர் உண்பதும் பருகுவதும் மண்கலத்திலும் கண்ணாடியிலும். பொன்னைக் கொண்டோ கழிவுக் கலங்களும் அடிமைகளின் விலங்குகளும் செய்கின்றனர். நெருப்பும் நீரும் போல இரும்பும் வாழ்வுக்கு இன்றியமையாதது. பொன் அத்தகையதன்று என்பது அவர்தம் கொள்கை. பொன்னணிந்து பகட்டாக வந்த அயல்நாட்டுத் தூதரை அடிமைகள் என எண்ணிப் புறக்கணித்து, எளிய உடையில் உடன்வந்த பணியாளரை வணங்குகின்றனர்.

இக்காட்சியைப் படித்து நாம் நகைக்கிறோம். ஆசிரியர் விரும்பியதும் அதுவே. ஆயினும் நகைப்பு அடங்கியபின் ஒரு வினா எழுகிறது: பொன்னைத் தாழ்த்திய அந்நாடு மனிதனை உயர்த்தியதா?

விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. பொன்விலங்கு பூண்டவனும் விலங்கு பூண்டவனே. மேலும், அத்தீவினர் பொன்னைச் சேர்த்து வைப்பது போருக்காக. அதைக் கொடுத்துக் கூலிப்படையினரை அமர்த்துகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் மடிந்தாலும் வருந்துவதில்லை. பகையரசனைக் கொல்வோர்க்குப் பெரும்பரிசும் அறிவிக்கின்றனர். வீட்டினுள் மதிப்பிழந்த பொன், எல்லைக்கு அப்பால் மனித உயிரின் விலையாகிவிடுகிறது!

இது மோர் அறியாது விட்ட குறையா, அறிந்தே வைத்த முள்ளா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. முள்ளே என்று நாம் கருதுகிறோம். தீவின் பெருமையைப் பேசுபவன் இரபேல் என்னும் பயணி. மோர் என்ற பெயரிலேயே நூலுள் வரும் பாத்திரமோ, இறுதியில் அத்தீவினரின் போர்முறை உட்படப் பலவற்றை ஏற்கத் தயங்குகிறது. அத்தயக்கத்தைக் கவனியாது படிப்போர் பாதி நூலையே படித்தவராவர்.

1527இல் ஹோல்பைன் தீட்டிய ஓவியத்தில் மோரின் தோள்மீது பொற்சங்கிலி ஒளிர்கிறது. பொன்னைப் பழித்தவரே பொன் பூண்டார் என எள்ளுவது எளிது. ஆனால் 1529இல் இங்கிலாந்தின் சான்சலராக உயர்ந்த அவர், 1532இல் அப்பதவியைத் துறந்தார். மனச்சான்றுக்கு மாறான உறுதிமொழியை மறுத்துச் சிறைப்பட்டார். 1535 ஜூலை 6 அன்று தலை வெட்டுண்டு இறந்தார். நூல் வினாவாக விட்டதற்கு அக்கழுத்து விடை தந்தது. பொன்னை மிதிப்பதனால் மட்டும் மனிதன் உயர்வதில்லை. எதற்கும் விலைபோகாமையால் உயர்கிறான்.

திருமண ஓலை வாசிக்குமுன் 'எத்தனை பவுன்?' எனக் கேட்கும் வழக்கம் நம் பங்குகளில் இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கத்தை நகைத்து ஒதுக்கினால் போதாது. எதிரே நிற்கும் பெண்ணிடம் இறைவனின் சாயலைக் காண நாம் கற்காதவரை, அந்தப் பொன்விலங்கு ஒரு கழுத்திலிருந்து மறு கழுத்துக்கு மாறுமேயன்றிக் கழலாது.